மரம் யாருடையது? வறுமையும் சுற்றுச்சூழலும் குறித்த ஒரு கேள்விக்கு என் பதில்

கேள்வி இது: உலகப் பொருளாதாரத்தை இயற்கைக்குக் கேடு செய்யாத பாதைக்குத் திருப்பும்போதே வறுமையையும் குறைக்க முடியுமா, இல்லை இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

முடியும் என்பதே என் பதில். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. காக்கப்படும் மரத்தின், மண்ணின், தண்ணீரின் பலன் அதைக் காக்கிற ஏழையின் கைக்கு வந்து சேர வேண்டும். மாற்றத்தின் செலவு அவர் தலையில் விழக் கூடாது. பல திட்ட அறிக்கைகளில் இந்த நிபந்தனை கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாகத்தான் இருக்கும். என்னைக் கேட்டால் முதல் பக்கம் முழுவதும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அது நிறைவேறிய இடங்களில் காடு திரும்பியிருக்கிறது. நிறைவேறாத இடங்களில் நல்ல நோக்கத்தோடு வந்த சட்டங்கள்கூடச் சில நாட்களில் திரும்பப் பெறப்பட்டிருக்கின்றன. பொதுப்படையாகப் பேசினால் இது உபதேசமாகப் போய்விடும் என்பதால் நைஜர் நாட்டிலிருந்து தொடங்குகிறேன்.

நைஜர் சகாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பில் இருக்கிறது. 1970களிலும் 80களிலும் அந்த நாட்டை வறட்சி மாறி மாறி அடித்தது. தெற்கே மராதி, ஜின்டர் வட்டாரங்களில் கம்பும் சோளமும் விதைக்கும் வயல்களில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மரமே இருக்காது. முளைத்த பயிரைப் புழுதிக்காற்று மூடிவிடும். ஒரே பருவத்தில் மூன்று முறை, நான்கு முறை திரும்பத் திரும்ப விதைத்த உழவர்கள் உண்டு. விதைத் தானியத்தையே இப்படி இழந்தால் வீட்டில் உலை எதை வைத்து எரியும்?

அங்கே ஒரு கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் சார்பில் வேலை செய்ய வந்தவர் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர். மரக்கன்றுகளை நட்டார். பெரும்பாலானவை பட்டுப்போயின. 1983-இல் ஒருநாள், மணலில் வண்டி ஓடுவதற்காகச் சக்கரங்களின் காற்றைக் குறைக்க வழியில் நிறுத்தினார். பக்கத்தில் ஒரு சிறு புதர். அதுவரை அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான புதர்களைக் கடந்து போயிருக்கிறார். அன்றைக்கு அருகில் போய் அதன் இலையைப் பார்த்தார். அது புதர் இல்லை. வெட்டப்பட்ட ஒரு மரத்தின் அடிக்கட்டையிலிருந்து கிளம்பிய துளிர். மேலே மொட்டையாகத் தெரிந்த அந்த நிலத்துக்கு அடியில் ஒரு காட்டின் வேர்கள் முழுவதும் உயிரோடு இருந்தன. ஒவ்வோர் ஆண்டும் துளிர்ப்பதும், விதைப்புக்கு முன் உழவர்கள் அதை வெட்டி எரித்து வயலைச் சுத்தம் செய்வதுமாகக் காலம் போய்க்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியிருந்த வேலை மிக எளியது. ஒரு கட்டையிலிருந்து பத்து, இருபது துளிர்கள் வரும். அவற்றில் நேராகவும் திடமாகவும் இருக்கும் நான்கைந்தை விட்டுவிட்டு மற்றவற்றைக் கழித்துவிட வேண்டும். விட்டவற்றின் பக்கக் கிளைகளைப் பாதி உயரம் வரை கவ்வாத்து செய்ய வேண்டும். கழித்த குச்சிகள் அன்றைய அடுப்புக்கு விறகு. நாற்றங்கால் வேண்டாம், குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், கையில் ஒரு கத்தி இருந்தால் போதும். வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருப்பதால் நட்ட கன்றைவிட இது பல மடங்கு வேகமாக வளரும்.

அந்த வயல்களில் உழவர்கள் மிகவும் விரும்பும் மரத்துக்கு ஹௌசா மொழியில் 'காவோ' என்று பெயர். வேல மரத்தின் உறவு. அதன் இயல்பு விசித்திரமானது. மழைக்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும், கோடையில் தழைக்கும். பயிர் வளரும் மாதங்களில் நிழல் விழாது, வெயில் பயிருக்கு முழுதாகக் கிடைக்கும். கோடையில் மாடுகள் அதன் நிழலில் படுக்கும், காயைத் தின்னும், சாணம் போடும். உதிர்ந்த இலை மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும். அந்த மரத்தடியில் விளையும் கம்பு மற்ற இடத்துக் கம்பைவிடச் செழிப்பாக இருப்பதை உழவர்கள் கண்கூடாகப் பார்த்தார்கள். காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது: கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல், நடுவே வெள்வேல மரம், அதன் நிழலில் மாடு. மரமும் மேய்ச்சலும் ஒன்றையொன்று தாங்கும் ஏற்பாடு உலகின் பல வறண்ட நிலங்களில் மக்களே கண்டுபிடித்துக்கொண்டதுதான்.

அப்படியானால் உழவர்கள் ஏன் அத்தனை ஆண்டுகள் மரத்தை விட்டுவைக்கவில்லை? அறியாமையால் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பதில் பிடிப்பதில்லை, அது உண்மையும் இல்லை. பிரெஞ்சு ஆட்சி 1935-இல் கொண்டுவந்த வனச் சட்டப்படி, உழவர் தன் வயலில் வளர்த்த மரம்கூட அரசின் சொத்து. கிளையை வெட்டினால் வனத்துறை ஊழியர் வந்து அபராதம் போடுவார். நாடு விடுதலை அடைந்த பின்னும் அந்தப் போக்கு மாறவில்லை. வளர்த்தால் அரசுக்கு, வெட்டினால் எனக்கு அபராதம் என்றால் எந்த உழவர் வளர்ப்பார்? செடியாக இருக்கும்போதே பிடுங்கிவிடுவதுதான் அவருக்குப் புத்திசாலித்தனம். காட்டைக் காப்பதற்கென்று போட்ட சட்டம் காட்டை அழித்தது.

1984 பஞ்சத்தில் வேலைக்கு உணவு என்ற முறையில் மரத்தை விட்டுவைத்தவர்களுக்குத் தானியம் கொடுத்தார்கள். ஏராளமான மரங்கள் எழுந்தன. தானியம் நின்றதும் அவற்றில் பெரும்பகுதி வெட்டப்பட்டது. இந்த ஒரு நிகழ்ச்சியை நான் திரும்பத் திரும்ப நினைப்பதுண்டு. கூலி கொடுத்து வளர்க்கச் சொன்ன மரம் கூலியோடு போய்விடும். தன்னுடையது என்று நம்பி வளர்த்த மரம் நிற்கும்.

அந்த நம்பிக்கை மெல்லத்தான் வந்தது. 80களின் நடுவிலிருந்து உள்ளூர் வன அதிகாரிகள் பழைய சட்டத்தைக் கண்டிப்பாக நடத்துவதை விட்டார்கள். அரசிடம் பணமும் இல்லை, ஆளும் இல்லை. வயலில் உள்ள மரம் தன்னுடையது என்று உழவர் நடந்துகொண்டாலும் யாரும் கேட்கவில்லை. ஒரு வயலைப் பார்த்து அடுத்த வயல், ஒரு ஊரைப் பார்த்து அடுத்த ஊர் என்று வழக்கம் பரவியது. பெரிய அறிவிப்பு ஏதும் இல்லாததால் வெளியுலகுக்குத் தெரியவே இல்லை. 2000களில் கிறிஸ் ரெய், கிரே டாப்பன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பழைய வான்படங்களையும் புதிய செயற்கைக்கோள் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அளவு புரிந்தது. சுமார் 50 லட்சம் ஹெக்டேர், ஏறத்தாழ 20 கோடி மரங்கள். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஆண்டுக்குக் கூடுதலாக 5 லட்சம் டன் தானியம் விளைவதாக அவர்கள் மதிப்பிட்டார்கள். அது 25 லட்சம் பேருக்கு உணவு. விறகுக்காகப் பெண்கள் நடக்கும் தூரம் குறைந்தது. விறகையும் காயையும் விற்ற காசு அவர்கள் கைக்கு நேராக வந்தது. நடைமுறையில் எப்போதோ வந்துவிட்ட இந்த உரிமை முறையான அரசாணையாக வந்தது 2020-இல்தான்.

இதை வைத்து நைஜர் வளமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இன்றும் அது உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. ஐந்து பேரில் ஒருவருக்குத்தான் மின்சாரம். அதே நாட்டின் வடக்கே ஆர்லிட் என்ற ஊரில் 1970களின் தொடக்கத்திலிருந்து தோண்டிய யுரேனியம் பிரான்சின் அணு உலைகளுக்குப் போனது. வயலின் மரத்துக்கு நியாயம் கிடைத்தது, மண்ணுக்கு அடியில் இருந்த கனிமத்துக்குக் கிடைக்கவில்லை. ஒரு ஊரில் செய்த நல்லதை உலகப் பொருளாதாரம் எப்படி விழுங்கிவிட முடியும் என்பதற்கும் அந்த நாடே சாட்சி.

ஒரு நாடு தன் அளவில் என்ன செய்யலாம் என்பதற்குக் கோஸ்டாரிகாவைச் சொல்வது வழக்கம். 1940களில் அந்த நாட்டின் நிலத்தில் முக்கால் பங்கு காடு. அமெரிக்காவுக்கு மாட்டிறைச்சி ஏற்றுமதி செய்ய, மலிவான வங்கிக் கடன் வாங்கி, காட்டை வெட்டி மேய்ச்சல் நிலம் ஆக்கினார்கள். 1980களில் காடு ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கியது. 1996-இல் வந்த வனச் சட்டம், இருக்கும் காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றத் தடை விதித்தது. கூடவே காட்டை வைத்திருப்பவருக்கு ஆண்டுதோறும் பணம் கொடுக்கவும் வழி செய்தது. அந்தப் பணத்தின் பெரும்பகுதி பெட்ரோல், டீசல் வரியில் ஒதுக்கப்படும் பங்கிலிருந்து வருகிறது. புகை விடுபவர் புகையை உறிஞ்சுகிற மரத்தின் சொந்தக்காரருக்குக் கூலி தருகிறார் என்று சொல்லலாம். இன்று மீண்டும் பாதிக்கு மேல் காடு.

ஆனால் இந்தக் கதையைச் சொல்பவர்கள் இரண்டு விஷயங்களை விட்டுவிடுகிறார்கள். 80களில் இறைச்சி விலை சரிந்ததும், மாட்டுப் பண்ணைக்கான சலுகைக் கடன் நின்றதும் காடு திரும்பியதற்குக் காரணங்கள். காட்டை அழிக்கப் பணம் கொடுப்பதை நிறுத்தியதே பாதி வேலை. இரண்டாவது, தொடக்க ஆண்டுகளில் அந்தத் தொகை பெரிய நிலக்காரர்களுக்கே அதிகம் போனது. பட்டா இல்லாத சிறு விவசாயி விண்ணப்பிக்கவே முடியவில்லை. விதிகளைத் தளர்த்தி, சிறு நிலக்காரர்களுக்கும் பழங்குடிப் பகுதிகளுக்கும் முன்னுரிமை கொடுத்த பிறகுதான் நிலைமை சற்று மாறியது. பட்டா என்ற ஒரு துண்டுக் காகிதம் எத்தனை திட்டங்களின் வாசலில் காவல் நிற்கிறது என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இப்போது செலவின் பக்கம். விலையை ஏற்றினால் மக்கள் எரிபொருளைக் குறைப்பார்கள் என்பது பொருளாதாரப் பாடப்புத்தகத்தின் முதல் பாடம். அது தவறில்லை. 2022-இல் மட்டும் உலக அரசுகள் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவுக்கு நேரடியாகக் கொடுத்த மானியம் சுமார் 1.3 லட்சம் கோடி டாலர் என்று பன்னாட்டு நிதியம் (ஐ.எம்.எஃப்.) கணக்கிட்டது. இதில் பெரும்பங்கு கார் வைத்திருப்பவருக்கும் குளிர்சாதனம் வைத்திருப்பவருக்கும் போகிறது, அதிகம் எரிப்பவருக்கு அதிக மானியம். இதை நிறுத்தத்தான் வேண்டும். எப்படி நிறுத்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

2019 அக்டோபரில் ஈக்வடார் அதிபர் லெனின் மொரேனோ பல பத்தாண்டுகளாக இருந்த எரிபொருள் மானியத்தை ஒரே ஆணையில் நீக்கினார். டீசல் விலை ஒரே நாளில் இரண்டு மடங்குக்கும் மேல் ஆனது. மலை ஊரிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டையோடு பஸ்ஸில் சந்தைக்கு வரும் பழங்குடிப் பெண்ணுக்கு விற்று முதல் முழுவதும் கட்டணத்துக்கே போய்விடும். பழங்குடி அமைப்புகள் தலைநகர் கீட்டோவை முற்றுகையிட்டன, உயிர்கள் போயின, அரசு தற்காலிகமாக வேறு நகரத்துக்கு இடம் மாறியது, இரண்டு வாரத்துக்குள் ஆணை திரும்பப் பெறப்பட்டது. மண்ணைத் தாயாக வணங்கும் மக்களே சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று சொல்லத்தக்க ஓர் ஆணையை எதிர்த்துத் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் எதிர்த்தது கொள்கையை என்று நான் நினைக்கவில்லை, கணக்கை அவர்கள் பெயரில் எழுதியதைத்தான்.

இந்தோனேசியா இந்தப் பாடத்தைக் கசப்பாகப் படித்த நாடு. 1998 மே மாதம் எரிபொருள் விலையை ஏற்றியதே அன்றைய அதிபர் சுகார்த்தோவின் ஆட்சியைக் கவிழ்த்த கலவரங்களுக்கு எண்ணெய் ஊற்றியது. 2005-இல் அதே நாடு விலையை இன்னும் கடுமையாக, ஒரே ஆண்டில் இரண்டு முறை ஏற்றியது. ஆனால் இம்முறை சுமார் 1.9 கோடி ஏழைக் குடும்பங்களுக்கு அஞ்சலகங்கள் வழியாக ரொக்கம் கொடுத்தார்கள். பட்டியலில் குளறுபடிகள் இருந்தன, தகுதியானவர் பலர் விடுபட்டார்கள், போராட்டங்களும் நடந்தன. ஆனாலும் அரசு நின்றது, விலை உயர்வும் நின்றது.

இலங்கையில் 2021-இல் நடந்ததை விவரமாகச் சொல்ல வேண்டியதில்லை, அங்குள்ள வாசகர்கள் அனுபவித்தது. இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரு போகம்கூட அவகாசம் கொடுக்காமல் தடை செய்தார்கள். வெளியே சொன்ன காரணம் இயற்கை விவசாயம். அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு அதற்குப் பின்னால் இருந்தது. பெரும்போக நெல் விளைச்சல் கடுமையாகச் சரிந்தது, தேயிலையும் அடிபட்டது, நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். மண் உயிர்பெறப் பல ஆண்டுகள் பிடிக்கும். அந்த ஆண்டுகளின் நட்டத்தை யார் ஏற்பது என்ற கேள்விக்கு அரசு பதில் வைத்திருக்கவில்லை. அதன் விலையை உழவர் கொடுத்தார். இயற்கை விவசாயத்தை விரும்புகிற எனக்கு அதைவிட வேதனை, அந்தச் சொல்லே அங்கு பலருக்குக் கசந்துபோனதுதான்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். சீனா நாற்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 80 கோடிப் பேரைக் கடும் வறுமையிலிருந்து மீட்டது. நிலக்கரியை எரித்துத்தான் மீட்டது. அந்த ஏணியில் ஏறியவர்கள் இப்போது ஆப்பிரிக்காவைப் பார்த்து ஏறாதே என்று சொல்லலாமா? சொல்லக் கூடாது. ஆனால் இப்போது வேறோர் ஏணியும் இருக்கிறது. 2010-இலிருந்து பத்தே ஆண்டுகளில் சூரியத் தகடுகளின் விலை ஏறத்தாழ 90 சதவீதம் இறங்கியது. இன்று பல நாடுகளில் புதிதாக மின்சாரம் தயாரிக்க இதைவிட மலிவான வழி இல்லை. இன்னொன்று: மிக ஏழைகள் வறுமைக்கோட்டைத் தாண்டுவதால் உலகின் புகை பெரிதாகக் கூடிவிடாது. ஒரு பல்பும், ஒரு மின்விசிறியும், அடுப்புக்கு எரிவாயுவும் கேட்பவர்களால் பூமி சூடாகவில்லை. மொத்தப் புகையில் பாதியளவு, வருமானத்தில் மேலே இருக்கும் பத்து சதவீதத்தினருடையது.

அப்படியிருந்தும் உலகின் மிகச் சிறந்த சூரிய ஒளி வளத்தில் 60 சதவீதத்தைக் கொண்ட ஆப்பிரிக்காவில் உலகின் சூரிய மின்திறனில் ஒரு சதவீத அளவே நிறுவப்பட்டிருக்கிறது. காரணத்தை வானத்தில் தேட வேண்டாம், வட்டியில் தேடலாம். நிலக்கரி ஆலைக்கு ஆண்டுதோறும் கரி வாங்க வேண்டும். சூரிய மின்நிலையத்துக்கு அந்தச் செலவு இல்லை. ஆனால் முழுப் பணத்தையும் முதலிலேயே போட வேண்டும், அதைக் கடனாகத்தான் வாங்க முடியும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 10 லட்சம் ரூபாய்க் கடன், 20 ஆண்டுத் தவணை. 3 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்குச் சுமார் 67,000 ரூபாய் கட்ட வேண்டும். 12 சதவீதம் என்றால் சுமார் 1,34,000. அதே தகடு, அதே சூரியன், ஆனால் மின்சாரத்தின் அடக்க விலை ஏறத்தாழ இரண்டு மடங்கு. பணக்கார நாடு முதல் விகிதத்துக்கு அருகில் கடன் வாங்குகிறது. ஏழை நாடு இரண்டாவதற்கு அருகில். கந்துவட்டிக்கு வாங்கித் தொழில் செய்தவர் எவரும் இதை ஒரு நொடியில் புரிந்துகொள்வார். பார்படாஸ் பிரதமர் மியா மோட்லி 2022 முதல் உலக வங்கியையும் பன்னாட்டு நிதியத்தையும் பார்த்துக் கேட்பதன் சாரம் இதுதான்: நீண்ட தவணையில் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுங்கள், புயல் அடித்த ஆண்டில் தவணையை நிறுத்தி வையுங்கள். உலக அளவில் ஒரே ஒரு மாற்றத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். மாநாட்டுத் தீர்மானங்களைவிட வட்டி விகிதத்துக்கு வலிமை அதிகம்.

தீர்மானங்களையும் பார்த்துவிட்டோம். 2009-இல் கோபன்ஹேகனில் நடந்த காலநிலை மாநாட்டில் பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்கு 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாகச் சொன்னார்கள். இரண்டு ஆண்டு தாமதமாக 2022-இல்தான் அந்த அளவை எட்டினார்கள், அதிலும் பெரும்பகுதி கடன். 2024 நவம்பரில் அசர்பைஜானின் தலைநகர் பாக்குவில் நடந்த மாநாட்டில் 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்றார்கள். மேலே சொன்ன ஓராண்டு எரிபொருள் மானியத்தோடு ஒப்பிட்டால் அதில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை.

பணம் வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மீண்டும் ஈக்வடாருக்கே போக வேண்டும். அமேசான் காட்டில் யசுனி தேசியப் பூங்கா இருக்கிறது. வெளியுலகத் தொடர்பை மறுத்து வாழும் பழங்குடிகள் அதற்குள் இருக்கிறார்கள். அடியில் எண்ணெய். 2007-இல் அதிபர் ரஃபேல் கொரெயா உலகத்திடம் ஒரு பேரம் வைத்தார்: எண்ணெயை எடுக்காமல் விட்டுவிடுகிறோம், எடுத்தால் எங்களுக்குக் கிடைக்கக்கூடிய வருமானத்தில் பாதியான 360 கோடி டாலரை நீங்கள் எல்லோருமாகச் சேர்ந்து கொடுங்கள். நியாயமான பேரம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆறு ஆண்டுகளில் வந்து சேர்ந்தது சுமார் 1.3 கோடி டாலர். 2013-இல் கொரெயா திட்டத்தைக் கைவிட்டார், துளைபோடும் எந்திரங்கள் காட்டுக்குள் போயின.

இளைஞர்களும் பழங்குடியினரும் பத்தாண்டுகள் கையெழுத்து வாங்கியும் வழக்காடியும் 2023 ஆகஸ்டில் ஒரு பொது வாக்கெடுப்பைக் கொண்டுவந்தார்கள். ஏறத்தாழ 59 சதவீதம் பேர் அங்கே எண்ணெயை மண்ணிலேயே விட்டுவிட வாக்களித்தார்கள். எண்ணெய் ஏற்றுமதியை நம்பி வாழும் ஒரு நாடு, யாரும் பணம் தராத நிலையில், அப்படி முடிவெடுத்தது. எனக்கு அந்தச் செய்தியைப் படித்தபோது தொண்டை அடைத்தது.

ஆனால் எண்ணெய்க் கிணறுகளுக்கு அருகிலுள்ள ஒரெயானா, சுக்கும்பியோஸ் மாகாணங்களில் பெரும்பான்மையோர் எண்ணெய் எடுப்பதைத் தொடரத்தான் வாக்களித்தார்கள். அவர்கள் காட்டின் எதிரிகள் அல்லர், வேலை அங்கேதான் இருக்கிறது. சமையல் ஒப்பந்தம் எடுத்தவர், லாரி ஓட்டுபவர், கிணற்றடியில் நாள் கூலிக்கு நிற்பவர். கிணறுகள் இருநூறுக்கும் மேல். ஒவ்வொன்றாக மூடும் வேலை 2024-இல் தொடங்கியது, முடிய இன்னும் பல ஆண்டுகள் ஆகும் என்கிறது அரசு. கடைசிக் கிணறு மூடப்படும் நாளில் அந்த லாரி ஓட்டுநர் எங்கே வேலைக்குப் போவார் என்பதற்கு இப்போதே ஒரு பதிலும் அதற்கான பணமும் வேண்டும்.